டீயோடு ஒரு செட்டு

நீதான்டா குடுத்த. வேற எவனும் குடுக்கல. உன் கையாலதான், பச்சை மூடி டப்பாவிலேருந்து ரெண்டு, மஞ்ச மூடி டப்பாவிலேருந்து ஒண்ணு, அப்புறம் கடுகைவிடக் கொஞ்சம் பெருசா ரோஸ் கலர்ல ஒண்ணு, நாலையும் கிழிச்ச பேப்பர்ல வச்சு, ஓரத்த நகத்தால நீவி மடிச்சு, வெத்தல பாக்கு குடுக்கற மாதிரி ரெண்டு கையாலயும் நீட்டுன. ஒம்பது வருசம் நீட்டுன. "வெறும் வயித்துல போடாதக்கா"ன்னு அக்கற வேற. இப்ப வந்து கேட்டா, சத்து மாத்திரதான் குடுத்தன், சுண்ணாம்புச் சத்துங்கற. அந்த நாக்கு அழுவிப் போவாதாடா உனக்கு?

இப்படித்தான் நாலு நாளாக, விடிகிற நேரத்தில், செங்கமலம் மெடிக்கல்காரனை நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்திறந்து அல்ல, மண்டைக்குள். வாயைத் திறந்தால் காதுக்குக் கீழே தாடை கடக்கென்று ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்காது. கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ரெண்டு கையும் நெஞ்சின்மேல் முட்டியாக மடங்கிக் கிடந்தன, யாரையோ குத்தக் கிளம்பியவள் பாதியில் மறந்துபோன மாதிரி. முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று, அப்படியானால் அஞ்சரை. ஏழரை வரைக்கும் விரல் விரியாது. தெரியும். தெரிந்தும் கேட்டுப் பார்த்தாள், பேரம் பேசிப் பார்ப்பதில் என்ன நட்டம்? சுண்டுவிரலே, நீ சின்னப் புள்ள, நீ மொதல்ல வா, உன்னப் பாத்துப் பெரியவனுங்க வருவானுங்க. வரவில்லை. கணு ஒவ்வொன்றும் வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி சூடாக, வழுவழுவென்று வீங்கிக் கிடந்தது. சரி, பாதியாவது விரி. அதுவும் இல்லை. எத்தனை வியாபாரியை மடக்கிய வாய் இது. பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரிக்கொட்டை மூட்டை இறக்குகிறவன் எவனும் செங்கமலத்திடம் முதல் வார்த்தையிலேயே உண்மை விலையைச் சொல்லிவிடுவான், இழுத்தால் அவமானப்பட வேண்டும் என்று. அப்படிப்பட்டவளை இன்றைக்குச் சொந்தச் சுண்டுவிரல் "போடி" என்கிறது. தலையணைக்கு அடியில் இருந்தது அந்தப் பொட்டலம், கடைசி செட்டு. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் பேப்பர் சரசரக்கும். திருப்பினாள், சரசரத்தது. இருக்கிறது. அரை டம்ளர் தண்ணி, நாலு மாத்திரை, அரை மணி நேரம், அப்புறம் இந்தக் கை மறுபடியும் கையாகிவிடும். மூத்திரம் முட்டுகிறதா, முட்டுகிற மாதிரி நினைப்பா? இப்போதெல்லாம் அதைத்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், உள்ளே ரெண்டும் வேலை செய்கிறதா என்று. கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயை, அதான் கிட்னியை, பார்த்திருக்கிறாள், கறியோடு அதை ஓசியில் வாங்காமல் நகர்ந்ததில்லை. வழவழவென்று, செக்கச்செவேலென்று, உள்ளங்கையில் வைத்தால் குறுகுறுக்கும். தன்னுடையது ரெண்டும் இப்போது எப்படி இருக்கும்? பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கையில் பேனாவை வைத்துக்கொண்டு "சுருங்கிப் போயிருக்கும்மா" என்றாள். சுருங்கி என்றால்? வெயிலில் ரெண்டு வருசம் கிடந்த முந்திரிக்கொட்டை மாதிரியா? அதை உடைத்தால் உள்ளே பயிறு, தின்கிற பருப்பு, இருக்காது, கருப்பாக ஒரு தோல்தான் இருக்கும்.

அந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைப்பை இழுத்து வேறு பக்கம் கட்டினாள், அது கயிற்றை அறுத்துக்கொண்டு அங்கேயே போய் நின்றது. முதல் செட்டு எப்படி இருந்தது? அதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது, வெட்கங்கெட்ட வாய். அப்போது அவளுக்கு நாற்பத்தஞ்சு. கொட்டை உடைக்கிற கூலிக்காரியாக இருந்து, கைத்தோல் கொட்டையிலிருந்து தெறிக்கிற முந்திரிப்பால் பட்டுப் பட்டுச் சட்டையாக உரிந்து, சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்து, கட்டினவன் போன பிறகும் உடைத்து, பல்லைக் கடித்து மேலே வந்து, சொந்தமாகக் கொட்டாய் போட்டு, பதினெட்டுப் பொம்பளைகளை உட்கார வைத்த வருசம். அந்த வருசம்தான் விரல் பிடித்துக்கொண்டது. சேலை முடிச்சுப் போட முடியவில்லை. யாருக்கும் காட்டவில்லை, காட்டினால் வியாபாரி மூட்டையை வேறு கொட்டாயில் இறக்கிவிடுவான், நொண்டி மாட்டை எவன் ஏரில் பூட்டுவான்? மெடிக்கலில் போய் மெதுவாகச் சொன்னாள். அவன் கேள்வியே கேட்கவில்லை. "ஒரு செட்டு போட்டுப் பாருக்கா." போட்டாள். டீ ஆறுவதற்குள் கை திறந்தது. யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கின மாதிரி, ஒவ்வொரு விரலாக, பொத்தென்று. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுப் பின்னால் நின்றுகொண்டு பத்து விரலையும் விரித்து மடக்கி, விரித்து மடக்கி, தனியாகச் சிரித்தாள். மூன்றே மாதத்தில் முகம் ரொம்பிவிட்டது. கன்னம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை போட்டு, தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "செங்கமலத்துக்கு உடம்பு தேறிடுச்சு, நாலு காசு வந்தா மூஞ்சியிலயே தெரியும்" என்றார்கள். அவளும் நம்பினாள். கண்ணாடி பார்த்து நம்பினாள். அது தேறின சதை இல்லை, ரோஸ் மாத்திரையின் வேலை என்று சொல்ல ஒரு நாதி இல்லை, சொல்லியிருந்தாலும் அவள் செருப்பை எடுத்திருப்பாள். அப்புறம் என்ன செய்தாள்? நல்லதுதான் செய்தாள். இல்லையா? கொட்டாயில் விருத்தாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் எழுந்தாள், அவளுக்கு ஒரு செட்டு. ராக்காயிக்கு முழங்கால், ஒரு செட்டு. அஞ்சலாட்சிக்கு இவளைப் போலவே விரல், அதே வீக்கம், அதே விடியக்காலைப் பூட்டு, அவளுக்கும். அப்புறம் கேட்டவளுக்கும் கேட்காதவளுக்கும், தினமும் பத்து மணி டீயோடு தட்டில் பொட்டலம் வரிசையாக வந்தது. எந்தக் கொட்டாயில் இப்படித் தருவான்? "செங்கமலத்தக்கா டீ குடுக்கும், வலிக்கு மருந்தும் குடுக்கும்"னு பக்கத்து ஊர்ப் பொம்பளைகள் வேலை கேட்டு வந்தார்கள். டீ குடித்த அரை மணியில் கொட்டை உடைக்கிற பதினெட்டுக் கட்டையும் ஒரே தாளத்தில் இறங்கும் பாருங்கள், மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்று வியாபாரியிடம் திமிராகப் பேசுவாள். மருந்து கொடுத்தது வலிக்கா, அந்தச் சத்தத்துக்கா? இந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது? போ. விருத்தாம்பாள் மூணாவது வருசம் கருப்புக் கருப்பாக வாந்தியெடுத்து, கொட்டாய் மண்ணிலேயே சாய்ந்து, ரெண்டு நாளில் போய்ச் சேர்ந்தாள். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது அந்த வாந்தி. அவளுடைய நாத்தனார்க்காரி செய்வினை வைப்பு வைத்துவிட்டாள் என்று ஊரே சொன்னது, செங்கமலமும் சொன்னாள், நாத்தனார்க்காரியின் முகத்துக்கு நேராகவே மண்ணை வாரித் தூற்றிவிட்டும் வந்தாள். அன்றைக்கும் பத்து மணிக்கு டீ வந்தது. பதினேழு செட்டு.

காகம் கத்துகிறது. ஆறாகியிருக்கும். வலது கட்டைவிரல் ஒரு நெல்முனை அசைந்தது, அசைந்த இடத்தில் ஊசியைக் காய்ச்சி இறக்கின மாதிரி ஒரு வலி முழங்கை வரைக்கும் ஓடியது. ஐயோ. மூணு நாளாகப் போடவில்லை. டாக்டரம்மா வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றாள். அதோடு விட்டாளா? இன்னொன்றும் சொன்னாள், அதுதான் இந்த உயிரைப் போட்டு அரைக்கிறது. "அந்தச் சின்ன ரோஸ் மாத்திரை ஸ்டீராய்டா இருந்தா, திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. கொஞ்சங் கொஞ்சமாதான் கொறைக்கணும். டக்குனு நிறுத்துனா பிரஷர் எறங்கி ஆளையே சாய்ச்சுடும். அது என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை வருசம், எனக்குத் தெரியணும்." ஒரு செட்டைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள் செங்கமலம். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எதிலும் பேர் இல்லை, நம்பர் இல்லை, டப்பாவில் மொத்தமாக வந்த அநாதை மாத்திரைகள். "குடுத்தவரே எழுதிக் குடுக்கணும். இப்பவே அட்மிட் ஆயிடுங்க." அட்மிட்டா? மூட்டை வந்து இறங்கிக் கிடக்கிறது. செங்கமலம் அங்கேயும் பேரம் பேசினாள், சாவோடு பேரம் பேசுகிறோம் என்று தெரியாமல். "நாலு நாளு டைம் குடுங்கம்மா, அஞ்சாம் நாளு காலையில படுக்கையோட வந்துடறன்." கொடுத்துவிட்டாள், கொடுத்திருக்கக் கூடாது. இன்றைக்கு அஞ்சாம் நாள். போட்டால் குண்டிக்காய் போகும், போடாவிட்டால் பிரஷர் இறங்கும், எது எது என்று தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் சுண்ணாம்புச் சத்து என்கிறான். டாக்டரம்மாவைப் பார்த்த அன்றைக்கே கடைக்குப் போனாள். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் யாருக்கோ இருமல் மருந்தைக் குலுக்கிக் காட்டினான். "சீட்டு இருக்காக்கா? டாக்டர் சீட்டு இல்லாம நான் எதுவும் குடுக்க மாட்டனே." டேய், ஒம்பது வருசமா எந்தச் சீட்டுக்குடா குடுத்த? "தப்பா பேசாதக்கா. ஆளுங்க நிக்கறாங்க. இனிமே இந்தப் பக்கம் வராத." செங்கமலம் திரும்பி நடந்தாள். வீட்டில் பழைய இருப்பு ஒரு பையில் இருந்தது. அதை என்ன செய்தாள்? குப்பையில் போட்டாளா? கேளுங்கள் இந்த அநியாயத்தை. மறுநாள் பத்து மணிக்கு டீ வந்தது. டீயோடு செட்டும் வந்தது. அதற்கு மறுநாளும். தனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை, தான் மூணு நாளாகத் தொடாததை, தட்டில் அடுக்கி அனுப்பினாள். சொன்னால் கலைந்துவிடுவார்கள், மூட்டை முடிகிற வரைக்கும் போகட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. நேற்றோடு பை காலி. இது ஒன்றைத் தவிர. இதை எதற்கு வைத்தாள்? டாக்டரம்மாவிடம் காட்டவா, வாயில் போடவா? ரெண்டும் இல்லை, சும்மா, இருக்கட்டும் என்று. பொய். போடத்தான்.

"அக்கோவ். அக்கா. எழுந்துட்டியா?" கதவைக் கையால் தட்டவில்லை, தோளால் முட்டினாள், அப்படியென்றால் அஞ்சலாட்சிதான். கூலிக்கு உடைத்த காலத்திலிருந்து பதினெட்டு வருசமாகக் கூட இருக்கிறவள், கொட்டாயில் அவள் கட்டை இறங்கினால் பயிறு முழுசாக வரும், உடைசல் விழாது. விரல் வந்த பிறகும் செட்டின் தயவில் அப்படித்தான். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் இல்லை, தாழ் போட இவள் விரலுக்கு வக்கில்லை. உள்ளே வந்துவிட்டாள். முகம் நல்ல பௌர்ணமி மாதிரி உப்பி, பளபளவென்று, கை ரெண்டும் வயிற்றோடு மடங்கி. "இன்னிக்கு முடியலக்கா. ஜாக்கிட்டு ஊக்குகூட போடல பாரு, சேலையால மூடிக்கினு வந்துட்டன். பத்து மணி வரைக்கும் தாங்காது. ஒரு செட்டு குடு." இல்லடி, தீந்துபோச்சு, என்றாள் செங்கமலம். "தீந்துபோச்சா? உங்கிட்டயா? ஆத்துல தண்ணி தீந்துபோச்சுன்னு சொல்லு, நம்பறன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கண் மட்டும் தலையணைக்குப் போயிற்று. சரசரப்பு கேட்டுவிட்டது போல. "தலவாணிக்கு அடியில வச்சிருக்க. உனக்கு மட்டும் பதுக்குறியா? நாளு முழுக்க நான் உடைக்கறன், வலி உனக்கு மட்டுமா?" வந்து, ரெண்டு மணிக்கட்டையும் இடுக்கி மாதிரி சேர்த்து, தலையணைக்கு அடியில் விட்டுப் பொட்டலத்தை இழுத்துக்கொண்டாள். செங்கமலம் தடுக்கப் போனாள், கை வரவில்லை, முழங்கைதான் வந்தது, முழங்கையும் முழங்கையும் மோதிக்கொண்டன, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்றார்கள். பார்க்கிறவன் இருந்தால் சிரித்திருப்பான், ரெண்டு நண்டு ஒரு சோற்றுப் பருக்கைக்கு அடித்துக்கொள்கிற மாதிரி. அஞ்சலாட்சி பல்லால் பேப்பரைக் கிழித்தாள், பேப்பர் ரெண்டாகி நாலு மாத்திரையும் சிமெண்டுத் தரையில் தெறித்தன. கீழே உட்கார்ந்தாள். ஒன்றை எடுக்கப் பார்த்தாள், விரல் குவியவில்லை, மாத்திரை நழுவி நழுவி ஓடியது. அப்புறம் ரெண்டு முழங்கையையும் ஊன்றி, முகத்தைத் தரையோடு வைத்து, நாக்கை நீட்டினாள். ஒன்று. தொண்டை ஏறி இறங்கியது, தண்ணி இல்லாமல். நகர்ந்தாள். ரெண்டு.

கட்டிலில் இருந்து செங்கமலம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ பாவம் என்று வரவில்லை. என் மாத்திரை என்று வந்தது. என் கடைசி செட்டு, இந்த நாய் நக்குகிறது. அப்புறம்தான் மற்றது வந்தது, பின்வாசல் வழியாக, நொண்டிக்கொண்டு. சொல்லு. சொன்னால் ஏழு மணிக்குள் கொட்டாய் பூராவும் தெரிந்துபோகும். சொல்லாதே. மூணு. சொல்லு, இவளுக்கு உன்னைவிடப் பத்து வயசு கம்மி, இன்னும் ரெண்டும் முழுசாகச் சுருங்கியிருக்காது. விருத்தாம்பாளிடம் சொன்னாயா? அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியுமே. ரோஸ் மாத்திரை கட்டில் காலுக்கு அருகே உருண்டு நின்றது, நாக்கு அதைத் தேடிக்கொண்டு வந்தது, செங்கமலம் பல்லைக் கடித்து ஒரு காலைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளி, குதிகாலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். நறுக்கென்றது. மாத்திரையா எலும்பா தெரியவில்லை. "காலை எட்றீ," என்றாள் அஞ்சலாட்சி, ஒருநாளும் இல்லாத திருநாளாக அவளை 'டீ' போட்டு. "தனக்கு இல்லாட்டி மிதிச்சித் தேய்ப்பியா? நல்லா இருப்பியா நீயி?" வேணாம்டி அது. அதுல நம்ம குண்டிக்கா ரெண்டும் சுருங்கிப் போவுதாம். பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. எனக்குப் பாதிக்கு மேல போயிடுச்சு. இனிமே மிஷின்ல போட்டுத்தான் ரத்தத்தக் கழுவணுமாம். சொல்லிவிட்டாள். தாடை கடக்கென்றது.

அஞ்சலாட்சி தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். உதட்டோரம் வெள்ளைப் பொடி. "எப்பச் சொன்னாங்க?" செங்கமலம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அக்கா, எப்பச் சொன்னாங்கன்னு கேக்கறன்." நாலு நாளாச்சு. "நேத்து டீயோட குடுத்த." ஆமாம். "முந்தாநாளும் குடுத்த. நம்ம கொட்டாய்ச் சின்னப் பொண்ணு பொன்னருவி வாணாம்னதுக்கு, அட முழுங்குடி, வேலை கெடக்குன்னு அதட்டிக் குடுத்த." நீங்க கேட்டீங்க, நான் குடுத்தன், நானா வாயில திணிச்சன்? சொல்லும்போதே தெரிந்தது, இது எங்கோ கேட்ட குரல், கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த அதே குரல். அஞ்சலாட்சி அழவில்லை. மணிக்கட்டால் தன் கன்னத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள், பலாப்பழம் பழுத்ததா என்று பார்க்கிற மாதிரி. "அப்ப இது சதை இல்லயா? எம் புருசன் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ அழகா இல்லன்னு சொல்லினு கெடக்கறான். அத்தினியும் வெசமா?" வெசமா மருந்தான்னே தெரியலடி. திடீர்னு நிறுத்துனாலும் ஆவாதாம். பேரு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ணுவாங்களாம். அவன் சொல்ல மாட்டங்கறான். "நான் இப்ப முழுங்குனது மூணு. நீ மிதிச்சது ஒண்ணு. நீ மிதிச்சது வெசமா, இல்ல எனக்கு இருந்த உசுரா?" செங்கமலம் காலைத் தூக்கிப் பார்த்தாள், குதிகாலில் குங்குமம் சிந்தின மாதிரி ரோஸ் பொடி. "எழுந்திரு," என்றாள் அஞ்சலாட்சி. என்னால நடக்க முடியாதுடி, ஏழரை ஆவணும், ரெண்டு நாளு பொறு, மூட்டை முடியட்டும், நானே எல்லாரையும் கூட்டி வச்சுச் சொல்றன். "எங்கிட்டயே வெல பேசறியா? இன்னிக்குப் பத்து மணிக்கு அவளுங்க டீக்குக் கை நீட்டுவாளுங்க. என்ன விட்டா பதினாறு பேரும் நீட்டுவாளுங்க. செட்டு இல்லன்னா மெடிக்கலுக்குத்தான் ஓடுவாளுங்க. அதுக்குள்ள அவன் கடைக்கு நீ வர்ற. எல்லாரும் நிக்கறப்ப சொல்ற. அவன் குடுத்தான், நான் வாங்கி இவளுங்களுக்குக் குடுத்தன்னு. வாய் நோவுதுன்னு சொல்லாத, அந்த வாயிலதான் ஊரையே வாங்குன." விரலால் பிடிக்க ரெண்டு பேருக்கும் முடியாது. அஞ்சலாட்சி தன் மணிக்கட்டை இவள் அக்குளுக்குள் விட்டு, கொக்கி போட்டு, மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கினாள். முட்டி ரெண்டும் அலறின. தலை சுற்றியது. பிரஷர் இறங்குகிறதோ? இறங்கட்டும். நின்றாள். ஒரு அடி. செருப்புக்குள் கால் நுழையவில்லை, வெறுங்காலோடு இன்னொரு அடி.

டேய். கேட்டுக்க. நீ இன்னும் எழுந்திருக்க மாட்ட, பல்லு வெளக்கியிருக்க மாட்ட, எங்களுக்கு ஒரு தெருவைக் கடக்க நேரமாவும், அதுக்குள்ள குளிச்சிட்டு வந்து கடையைத் தொறந்து வை. பாவத்துல முக்கால் பங்கு உன்னுது, கால் பங்கு என்னுது, அதுக்குமேல நான் ஏத்துக்க மாட்டன். சரி, பாதி. பாதிக்குப் பாதி, விருத்தாம்பாளையும் சேத்து. அதுக்குக் கீழ நான் எறங்கறதா இல்ல, நீயும் எறங்கக் கூடாது. சீட்டு கேக்காத. ஆளுங்க நிக்கறாங்கன்னு சொல்லாத, ஆளுங்க நிக்கட்டும்னுதான் வர்றோம். பேனாவை எடு. பச்ச மூடி என்னா, மஞ்ச மூடி என்னா, அந்த ரோஸ் என்னா, எத்தினி, எந்த வருசத்திலேருந்து, எழுது. எழுதி, கடையைச் சாத்திட்டு, நீயே கொண்ணாந்து டாக்டரம்மா கையில குடுத்துட்டு, நான்தான் குடுத்தன்னு அங்க நின்னு சொல்லு. பதினெட்டுப் பேரு உசுரு அதுல கெடக்குதுடா. எழுதுடா.